சங்கச் சரக்கைப் படம் பிடிக்கும் முறை

தாம்பரம் வட்டாரத்தில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் இருப்புப் பதிவேட்டைச் சென்ற ஆண்டு பரிசீலனை செய்துகொண்டிருந்தபொழுது, ஒரே பட்டுப்புடவை மூன்று முறை விற்பனையாகி மூன்று முறையும் வரவில் திரும்ப ஏறியிருப்பதைக் கண்டேன். அரக்கு நிற உடல், பச்சைக் கரை, அளவான ஜரிகை. தபால் மூலம் புனாவுக்கும், ஹைதராபாத்துக்கும், கோயமுத்தூருக்கும் போய் வந்திருந்தது. மூன்று பேரும் எழுதியிருந்த காரணம் ஒன்றே: "படத்தில் கண்ட நிறம் இல்லை."

நிர்வாகக் குழுவினர் இதைச் சாயத்தின் குற்றம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சாயக்காரருக்கு இனி நூல் கொடுப்பதில்லை என்று தீர்மானமும் எழுதியாகிவிட்டது. புடவையை நெய்த பெரியவர் என்னிடம் வந்து, "நிறம் சரியில்லை என்று திரும்பி வந்தால், நெய்தவன் பேரும் சேர்ந்துதானே கெடுகிறது, ஐயா?" என்று கேட்டார். நான் புடவையை வாசல் வெளிச்சத்தில் விரிக்கச் சொல்லிவிட்டு, சங்கத்தார் வெளியிட்டிருந்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். துணியிலே நல்ல ஆழ்ந்த அரக்கு. படத்திலே வெளிறிய செங்கல் நிறம். பச்சைக் கரை படத்தில் ஏறக்குறைய மஞ்சளாக இருந்தது. குற்றம் சாயத்தில் இல்லை. காமிராவை உபயோகித்த முறையில் இருந்தது. தீர்மானம் ரத்தாயிற்று. ஆனால் மும்முறை மடிப்புக் கலைந்த அந்தப் புடவை அதற்குள் தள்ளுபடி விற்பனைக்குப் போய்விட்டது.

1935ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமே இன்று இணையத்தின் வழியாகத் துணி விற்கிறது. நமது ஆரம்பச் சங்கங்களிலும் பல, கைபேசியில் படம் அனுப்பி ஆர்டர் வாங்குகின்றன. வாங்குபவர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார். 2020ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத சரக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விற்பவர் மறுக்கலாகாது. ஆகவே, படம் பிழையானால் இரட்டைத் தபால் செலவும் மனஸ்தாபமும் சங்கத்தையே சேரும். இந்தக் காரணத்தால், டிஜிட்டல் காமிராவில் அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டிய சில அமைப்புகளை இங்கு விளக்க முற்படுகிறேன்.

முதலில் காமிரா எவ்வாறு பார்க்கிறது என்பதை அறிவது நலம். முற்காலத்தில் பிலிம் சுருளில் படம் எடுத்தோம். உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் 'இந்து' பிலிமைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். டிஜிட்டல் காமிராவில் பிலிமின் இடத்தில் ஒரு சிறு தகடு இருக்கிறது. அதில் ஒளியை உணரும் நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக, பாவும் ஊடையும் போலவே, குறுக்கும் நெடுக்குமாக அமைந்துள்ளன. அமெரிக்காவில் கோடக் கம்பெனியின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் 1975இல் செய்த முதற் காமிராவில் புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு படத்தைக் காஸெட் நாடாவில் பதிய 23 விநாடி ஆயிற்று. இன்றைய காமிராக்களில் கோடிக்கணக்கான புள்ளிகள் இருக்கின்றன.

இப்புள்ளிகள் தாமாக நிறம் அறியா. வெளிச்சம் அதிகமா குறைவா என்பதை மட்டுமே அறியும். அதே கம்பெனியைச் சேர்ந்த பிரைஸ் பேயர் என்பவர், புள்ளிகளின்மேல் சிறு நிறக் கண்ணாடிகளைக் கட்டம் போட்ட துணியைப் போல் பரப்பும் முறையைக் கண்டு, 1976இல் உரிமை பெற்றார். ஒவ்வொரு நான்கு புள்ளிகளிலும் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மற்ற நிறங்களையெல்லாம் காமிரா அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு ஊகிக்கிறது. நாம் படத்தில் பார்க்கும் அரக்கு, துணியிலிருந்து நேரே வந்த அரக்கு அன்று. காமிரா போட்ட கணக்கின் விடை. கணக்குக்கு நாம் கொடுக்கும் தகவல் பிழையானால் விடையும் பிழையாகும்.

இனி, காமிராவின் தலைமேலுள்ள வட்டத் திருகைக் கவனிப்போம். அதில் பச்சை நிறத்தில் 'ஆட்டோ' என்றும், பக்கத்தில் 'பி', 'ஏ', 'எஸ்', 'எம்' என்ற ஆங்கில எழுத்துக்களும் காணப்படும். கேனன் காமிராவில் 'ஏ'க்குப் பதில் 'ஏவி' என்றும், 'எஸ்'ஸுக்குப் பதில் 'டிவி' என்றும் இருக்கும், பொருள் ஒன்றே. ஆட்டோவில் எல்லாவற்றையும் காமிராவே தீர்மானிக்கிறது. கல்யாண வீட்டில் அது போதும். சங்கச் சரக்குக்குப் போதாது.

காரணத்தைச் சொல்கிறேன். தன் எதிரே உள்ள காட்சி முழுவதும் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறமாக இருக்கும் என்று எண்ணியே காமிராவின் ஒளிமானி செய்யப்பட்டிருக்கிறது. மரம், மனிதர், தெரு, வானம் எல்லாம் கலந்த காட்சிக்கு இந்த எண்ணம் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சட்டம் முழுவதும் ஒரு வெள்ளை வேஷ்டியை வைத்தால், காமிரா, "வெளிச்சம் மிதமிஞ்சியிருக்கிறது" என்று கருதிக் குறைத்துவிடுகிறது. வேஷ்டி அழுக்கேறியதுபோல் சாம்பலாக வருகிறது. ஆழ்ந்த அரக்குப் புடவையை வைத்தால், "இருட்டாயிருக்கிறது" என்று கருதிக் கூட்டிவிடுகிறது. அரக்கு வெளிறிச் செங்கல்லாகிறது. மேலே சொன்ன புடவைக்கு நேர்ந்தது இதுவே.

இதற்குப் பரிகாரம் மிகவும் எளிது. 'ஏ' என்ற எழுத்துக்குத் திருகை வைத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் குறிகள் கொண்ட பொத்தானைத் தேடவேண்டும். வெள்ளைத் துணிக்கு +1 முதல் +1⅔ வரை கூட்ட வேண்டும். அரக்கு, கருநீலம், கறுப்பு இவற்றுக்கு ⅔ முதல் 1 வரை கழிக்க வேண்டும். மாம்பழ மஞ்சள், இளம்பச்சை போன்றவற்றுக்குச் சிறிது கூட்டினால் போதும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும். வெள்ளைக்கு ஏன் இன்னும் வெளிச்சம் என்று செயலாளர் ஒருவர் என்னுடன் வாதாடினார். இரண்டு படம் எடுத்துக் காட்டிய பிறகே ஒப்புக்கொண்டார். அங்கத்தினர்களும் வாதத்தை விட்டு இரண்டு படம் எடுத்துப் பார்ப்பது உத்தமம். டிஜிட்டல் காமிராவில் பிலிம் செலவு இல்லை.

'ஏ' அமைப்பில் லென்ஸ் துவாரத்தின் அளவை நாம் தீர்மானிக்கிறோம். திறந்திருக்கும் நேரத்தைக் காமிரா தீர்மானிக்கிறது. துவார எண்கள் 2.8, 4, 5.6, 8, 11 என்று வரும். எண் பெரிதானால் துவாரம் சிறிது என்பதை மறவாதிருக்க வேண்டும். துவாரம் சிறுத்தால் முன்னும் பின்னும் உள்ளவை யாவும் தெளிவாக விழும். கொம்பில் தொங்கவிட்ட புடவையில் முன் மடிப்பும் பின் மடிப்பும் தெளிவாக இருக்க 8 என்ற எண் ஏற்றது. 2.8இல் எடுத்தால் ஒரு மடிப்பு மட்டும் தெளிந்து, கரையின் கோர்வை மங்கிப்போகும். கோர்வையைப் பார்த்தே விலை கொடுக்கும் வாடிக்கையாளரிடம் அதை மங்கலாகக் காட்டுவதால் என்ன பயன்?

துவாரம் சிறுத்தால் ஒளி புகும் நேரம் நீளும்; கையில் பிடித்து எடுத்தால் அசையும். ஆகையால் முக்காலி அவசியம். பொத்தானை அமுக்கும் அசைவும் படத்தில் தெரியுமாதலால் 2 விநாடித் தாமத அமைப்பை வைத்துக்கொள்வது நன்று. முக்காலி வாங்கப் பணமில்லை என்று ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் எண்ணை 3200, 6400 என்று ஏற்றிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவ்வாறு ஏற்றினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற பொருக்கு விழுந்து, நூலின் நயம் தெரியாமற் போகும். துணிக்கு 100 அல்லது 200க்கு மேல் போக வேண்டுவதில்லை.

'எஸ்' என்பது நேரத்தை நாம் தீர்மானிக்கும் அமைப்பு. தறியில் நாடா ஓடுவதைப் படம் எடுக்க இது உதவும். ஒரு விநாடியில் 500இல் ஒரு பங்கு வைத்தால் நாடா நின்றதுபோல் விழும். 30இல் ஒரு பங்கு வைத்தால் ஓடும் வேகம் ஒரு கோடாகத் தெரியும். கண்காட்சிப் பலகைக்கு இரண்டாவதே அழகு என்பது என் அபிப்பிராயம். 'எம்' என்பதில் இரண்டையும் நாமே வைக்கிறோம். ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், ஐம்பது புடவைகளை வரிசையாக எடுக்கும்பொழுது, முதற் படத்தைச் சரி பார்த்துக்கொண்டு 'எம்'மில் நிறுத்திவிட்டால், கறுப்புக்கும் வெள்ளைக்கும் காமிரா தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டேயிருக்காது. பழகியவர்களுக்கு இதுவே சிறந்தது.

அடுத்தது வெண்மையமைப்பு. நிறம் கெடுவதற்குப் பாதிக் காரணம் இது. மஞ்சள் பல்பின் ஒளியும், குழல்விளக்கின் ஒளியும், வெயிலும், நிழலும் வெவ்வேறு நிறமுள்ளவை. நம் கண் இதைத் தானே சரிசெய்துகொள்கிறது. காமிராவுக்கு நாம் சொல்ல வேண்டும். சூரியன் குறியிட்டது வெயிலுக்கு. வீட்டின் நிழற் குறி நிழலுக்கு. பல்பின் குறி பல்புக்கு. இவற்றிலும் நம்பகமானது, நாமே வெண்மையை அமைத்துக் கொடுக்கும் முறை. படம் எடுக்கும் அதே வெளிச்சத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்துப் படமெடுத்து, "இது நிறமற்றது" என்று காமிராவுக்கு அறிவிக்க வேண்டும். சாம்பல் அட்டை போட்டோ சாமான் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அட்டைக்குப் பதிலாக வேஷ்டியைக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். நீலம் போட்டு வெளுத்த வேஷ்டி உண்மையில் வெள்ளையன்று, சற்றே நீலம்; அதைக் காட்டினால் காமிரா நீலத்தைக் கழிக்க முற்பட்டு மற்றத் துணிகளை மஞ்சளாக்கிவிடும்.

ஜன்னல் வெளிச்சமும் குழல்விளக்கும் ஒரே சமயத்தில் புடவைமேல் விழுந்தால் எந்த அமைப்பும் காப்பாற்றாது. புடவையின் ஒரு பாதி ஒரு நிறமும் மறு பாதி வேறு நிறமுமாக இருக்கும். படம் எடுக்கும்பொழுது விளக்கை அணைத்துவிட வேண்டும். சங்கக் கட்டடத்துச் சுவர்களுக்கு நாம் விரும்பிப் பூசும் பச்சை டிஸ்டெம்பரும் துணியின்மேல் சாயல் அடிக்கும். பின்னால் ஒரு வெள்ளைப் படுதா கட்டிக்கொள்வது நலம். விளக்கொளியில்தான் எடுத்தாக வேண்டுமென்றால், நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுற்றாதலால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுக்குகின்றன என்பதை நினைவில் கொண்டு, 50இல் ஒரு பங்கு விநாடிக்குக் குறையாத நேரம் வைக்க வேண்டும். இல்லாவிடில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும்.

எந்த நேரம் நல்ல நேரம்? மேல்நாட்டுப் புத்தகங்களில் வடக்குப் பார்த்த ஜன்னலே சிறந்தது என்று எழுதியிருப்பார்கள். அது அவர்கள் நாட்டுக்குப் பொருந்தும். தாம்பரம் ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நம் உச்சந்தலைக்கு மேல் வந்து, அதன்பின் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகலில் நமக்கு வடக்கே நிற்கிறது. அம்மாதங்களில் வடக்குத் திண்ணையிலும் காலையில் வெயில் சாய்ந்து அடிக்கும். ஆகவே திசையைப் பாராமல் நிழலைப் பார்க்க வேண்டும். காலை 9 மணி முதல் 11 மணி வரை, நேர் வெயில் படாத, ஆனால் திறந்த வானத்தைப் பார்க்கும் தாழ்வாரமே தகுந்த இடம். வடகிழக்குப் பருவமழைக் காலத்து மேகமூட்டம் துணி வியாபாரத்துக்குக் கஷ்டம். படத்துக்கு மிக உகந்தது. ஒளி எங்கும் சமமாகப் பரவும், ஜரிகையும் கண்ணைப் பறிக்காது.

ஜரிகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உடல் நிறம் சரியாக விழும்பொழுது ஜரிகை பல சமயம் வெறும் வெள்ளையாக எரிந்துவிடும். எரிந்த இடத்தில் வேலைப்பாடு எதுவும் தெரியாது. எடுத்த படத்தில் எரிந்த பகுதிகள் மினுக்கிக் காட்டும் எச்சரிக்கை அமைப்பு பெரும்பாலான காமிராக்களில் உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு, கரை மினுக்கினால் மேலும் ⅓ கழித்து எடுக்க வேண்டும். காமிராவின் சொந்த பிளாஷை ஒருபொழுதும் உபயோகிக்கலாகாது. ஜரிகை நேராக அதைத் திருப்பி அடித்துவிடும்.

பாவு ஒரு நிறமும் ஊடை வேறு நிறமுமான மயில்கழுத்துப் புடவை ஒரு கோணத்தில் நீலம், மறு கோணத்தில் பச்சை. ஒரே படம் போட்டால் வாங்கியவருக்குப் பாதிப் புடவைதான் தெரிந்திருக்கும். இரு கோணங்களில் இரண்டு படம் போடுவதே நேர்மை. வாடாமல்லியும் கத்தரிப்பூ நிறமும் பெரும்பாலான காமிராக்களில் நீலத்தின் பக்கம் சாய்வதுண்டு. இவற்றை எவ்வளவு முயன்றும் என்னால் முழுதும் திருத்த முடிந்ததில்லை. அப்படிப்பட்ட நிறத்துக்கு, படத்தின் கீழ் நிறத்தின் பெயரை எழுத்தில் சொல்லி, "நேரில் சற்றுச் சிவப்பு அதிகம்" என்று குறித்துவிடுவதே வழி. வாங்குபவரின் கைபேசித் திரை எப்படிக் காட்டும் என்பதும் நம் கையில் இல்லை.

சிறு கட்டம் போட்ட துணிகளில் வேறொரு தொல்லை உண்டு. இரண்டு மெல்லிய சல்லாத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் நீரலைபோல் கோலம் தோன்றுவதை நெசவாளர்கள் அறிவார்கள். காமிராத் தகட்டின் கட்டமும் துணியின் கட்டமும் சேரும்பொழுது அதே அலை படத்தில் தோன்றும். பார்ப்பவர் நெசவில் குறை என்று நினைத்துவிடுவார். காமிராவை ஒரு அடி முன்னே அல்லது பின்னே நகர்த்தி, அல்லது சற்றே சாய்த்து எடுத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பட அமைப்புகளில் ஒரு பெரிய சபலம் இருக்கிறது. 'விவிட்' என்ற பெயரில் நிறங்களைத் தூக்கிக் காட்டும் அமைப்பு ஒன்று உண்டு. அதில் எடுத்தால் புடவை கண்ணைக் கவரும், ஆர்டரும் விரைந்து வரும். பிறகு புடவையும் விரைந்து திரும்பி வரும். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'நியூட்ரல்' என்பதே நமக்கு ஏற்றது. நிறவெளி என்னுமிடத்தில் 'எஸ்.ஆர்.ஜி.பி.' என்பதை வைக்க வேண்டும். 'அடோபி' என்பதை வைத்தால் பல கைபேசிகளில் நிறம் சோர்ந்து காணும். அளவு பெரிதாகவும் தரம் உயர்வாகவும் இருக்கட்டும். 'ரா' என்ற மூலப் பதிவையும் சேர்த்து வைத்தால், வெண்மையமைப்பில் நேர்ந்த தவறைப் பின்னால் கணினியில் திருத்தலாம். எரிந்துபோன ஜரிகையை மட்டும் மீட்பது அரிது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். கீரைக்கட்டையும் கத்தரிக்காயையும் விற்பனைக்குப் படமெடுக்கத் துணிக்குச் சொன்ன நிழலே போதும். பயிரில் நோய் கண்டால்தான் காமிராவின் உபயோகம் மிகுதி. பூக் குறியிட்ட அண்மை அமைப்பில் இலையின் மேற்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, செடி முழுவதும் ஒன்று, வயல் முழுவதும் ஒன்று என எடுத்து, கூடுவாஞ்சேரிக்கு அப்பாலுள்ள காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ வட்டார வேளாண்மை அலுவலரிடமோ காட்டினால், இலையைப் பறித்துக்கொண்டு போவதற்குள் அது வாடிவிடும் தொல்லை இல்லை. நோய்ப்புள்ளியின் நிறமே அடையாளமாதலால், அங்கும் 'விவிட்' கூடாது. அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைப்பது நல்லது.

கைபேசி மட்டுமே உள்ள சங்கங்கள் கவலைப்பட வேண்டாம். திரையில் துணியைத் தொட்டு, தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் இழுத்தால் அதுவே கூட்டல் கழித்தல். 'புரோ' என்ற அமைப்பிருந்தால் வெண்மையும் வைக்கலாம். முகத்தை அழகு செய்யும் வித்தைகளையும், காட்சியைத் தானே ஊகித்து நிறம் கூட்டும் வித்தையையும் அணைத்துவிட வேண்டும். பின்புறத்தை மங்கலாக்கும் 'போர்ட்ரெய்ட்' அமைப்பு புடவையின் ஓரக் குஞ்சத்தையும் சேர்த்து மழுங்கடிக்கும். மிக அருகில் நின்றால் கரை வளைந்து தோன்றும். இரண்டு அடி பின்னே போய் எடுக்க வேண்டும்.

காமிரா வாங்கப் புதியதே வேண்டுமென்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கூடும் பல்லாவரம் சந்தையில் பழைய காமிராக்களும் வருவதுண்டு. ரசீது கேட்டு வாங்க வேண்டும். தணிக்கையில் ரசீது இல்லாத செலவு நிற்காது. வாங்குமுன் துவார எண்ணை 16இல் வைத்து வெறும் வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தகட்டிலுள்ள தூசியும் கறையும் புள்ளிகளாகத் தெரியும். லென்ஸுக்குள் விளக்கைக் காட்டி, சிலந்திவலைபோல் பூசணம் படர்ந்திருந்தால் விட்டுவிட வேண்டும். சென்னைப் பக்கத்து ஈரக்காற்றில் பூசணம் எளிதில் பிடிக்கும். வாங்கிய பின்னும், தோல் பையில் மூடி அலமாரியில் வைக்காமல், இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைக்க வேண்டும். மாதம் ஒரு முறை பொட்டலத்தை மாற்றுக.

ஒரு விஷயத்தைப் பெரும்பாலான சங்கங்களில் காணவில்லை. படத்தின் எண்ணை இருப்புப் பதிவேட்டில் புடவையின் எண்ணுக்கு நேரே எழுதி, எந்த வெளிச்சத்தில், எந்த அமைப்பில் எடுத்தது என்று ஒரு வரி குறித்து வைத்தால், நாளை ஒரு புடவை நிறம் மாறுபட்டதென்று திரும்பும்பொழுது, சாயக்காரரைக் கேட்பதற்கு முன் படத்தைக் கேட்கலாம். அதற்கென ஒரு பத்தி கோடிட்டுக்கொள்ளப் பதிவேட்டில் இடமிருக்கிறது.